இரண்டு விரக்கடை

போன வருடம் மார்ச்சில் என் இடது கைச் சுண்டு விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் சைக்கிளை விட்டு இறங்கிக் கையை நாலு உதறு உதறினால் சரியாகிவிடும். போகப் போக, கிளினிக்குக்குப் போய் முகப்பில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆன பிறகும் சுண்டு விரலும் மோதிர விரலும் யாருடைய கையோ போலக் கிடந்தன. மாத்திரை அட்டை வெட்டும்போது கத்தரிக்கோல் நழுவியது. மருந்து எண்ணிக் கொடுக்கிற வேலையில் இருப்பவளுக்கு விரல்தான் பிழைப்பு. பயந்துவிட்டேன்.

எங்கள் டாக்டர் என் உள்ளங்கையில் சுண்டு விரலுக்குக் கீழே இருக்கும் மேட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். விர்ரென்று விரல் நுனி வரை ஓடியது. "சைக்கிள்ல போறப்ப இங்கதானம்மா ஊனுறீங்க?" என்றார். முழங்கையிலிருந்து வரும் அல்னர் நரம்பு மணிக்கட்டில் ஒரு சின்னக் கால்வாய் வழியாக அந்த மேட்டுக்கு அடியில் நுழைகிறது. மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, உடம்புப் பாரத்தை அங்கேயே இறக்கினால் நரம்பு நசுங்கும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்தால் அது வேறு நரம்பு, வேறு இடம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வருவதுதான், முதலில் பிடியை மாற்றிப் பாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். வாசலில் நிறுத்தியிருந்த என் சைக்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தக் கம்பு ஏன் இப்புடி நேரா இருக்கு? மனுசன் கை இப்புடியா இருக்கும்?"

தன் இரண்டு கைகளையும் முன்னால் தூக்கிக் காட்டினார். விரல்களைத் தளர்வாக மூடினால் இரண்டு முட்டிகளும் ஒரே கோட்டில் நிற்கவில்லை. உள்ளங்கைகள் பாதி ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து நின்றன. நீங்களும் இப்போதே செய்து பாருங்கள். ஆளுக்குத் தக்கபடி கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் நேர்க்கோட்டில் நிற்கிற கையை நான் இதுவரை பார்க்கவில்லை. நேர்க் கம்பியைப் பிடிக்க வேண்டுமானால் முன்னங்கையை முறுக்கி மணிக்கட்டை வெளிப்பக்கம் ஒடித்துக்கொள்ள வேண்டும். காட்டுப் பாதையில் இறங்குகிறவர்களுக்கு அதில் லாபம் உண்டு. அகலமான நேர்க் கம்பி, குழியில் சக்கரம் திமிறும்போது நெம்புகோல் மாதிரி வேலை செய்யும்; அவர்கள் முழங்கையை மடக்கி உடம்பை முன்னே தள்ளி நிற்பார்கள். நான் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து பட்டணத்துக்கு நாலு கிலோமீட்டர், சனிக்கிழமைகளில் ஜாலான் லிந்தாங் பக்கம் செம்பனைக்கு நடுவே இருபது கிலோமீட்டர் ஓட்டுகிறவள். எனக்கு அது பொருந்தாது.

பொருந்தாததை ஏன் வாங்கினேன்? ஈப்போவில் ஒரு கடையில் 29 அங்குலச் சக்கர மலைச் சைக்கிளை 1,400 வெள்ளிக்குக் கொடுத்தார்கள். உயரத்தை மட்டும் கேட்டார்கள். கையின் நீளத்தைக் கேட்கவில்லை, எங்கே ஓட்டப் போகிறேன் என்று கேட்கவில்லை, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கவும் சொல்லவில்லை. எனக்கு அதில் இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. ஒரு செருப்பு வாங்கினாலும் நாலடி நடந்து பார்க்கச் சொல்வார்கள்.

எங்கள் பட்டணத்தில் பழைய கடை வரிசையில் ஒரு சீனர் சைக்கிள் கடை இருக்கிறது. கடை முதலாளி தவுக்கேயிடம் பின்னோக்கி வளைந்த ஹேண்டில் கேட்டேன், அம்மா சைக்கிளில் இருந்ததைப் போல. நார்த் ரோடு ஹேண்டில் என்று அதற்குப் பெயர். நடுவில் கொஞ்சம் முன்னே போய், இரண்டு பக்கமும் மாட்டுக் கொம்பு மாதிரி ஓட்டுகிறவரை நோக்கித் திரும்பி வரும். நம் தாத்தாக்கள் ஓட்டிய கறுப்புச் சைக்கிளில் எல்லாம் அதுதான். அவர் மேலே தொங்கவிட்டிருந்த ஒன்றை இறக்கினார். என் சைக்கிளில் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் தண்டு 31.8 மில்லிமீட்டர் கம்பியைக் கவ்வுகிறது, இந்தக் கொம்போ நடுவில் 25.4. இடையில் ஒரு தகட்டு வளையம் வைத்து இறுக்கினார். கை பிடிக்கிற இடம் இரண்டிலும் 22.2 என்பதால் பிரேக் பிடிகள் அப்படியே நுழைந்தன. கேபிள்கள் மட்டும் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

கடை முன்னே அஞ்சடி நடைபாதையிலேயே ஏறி உட்கார்ந்தேன். மணிக்கட்டு நிமிர்ந்தது. தோள் இறங்கியது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் முதல் சந்திலேயே இடது பக்கம் ஒடிக்கும்போது கொம்பின் நுனி முழங்காலில் இடித்தது. அடுத்த திருப்பத்திலும் இடித்தது.

அன்றைக்குத்தான் நான் ஹேண்டிலைத் தனியாக யோசிப்பதை விட்டேன். நேர்க் கம்பி இருந்தபோது என் கை எட்டாத தூரத்துக்கு எட்டிக்கொண்டிருந்தது. கொம்பைப் போட்டதும் பிடி பதினைந்து சென்டிமீட்டர் போலப் பின்னால் வந்துவிட்டது. ஆக, முன்பு அதிக தூரம், இப்போது அதிக நெருக்கம். அம்மா சைக்கிளில் அதே கொம்பு இடிக்காது, ஏனென்றால் அதன் பிரேமே வேறு.

அந்தச் சைக்கிள் எங்கள் வீட்டுச் சமையல்கட்டுப் பின்பக்கம் கொட்டகையில்தான் நிற்கிறது. கால் தூக்கிப் போட வேண்டாதபடி பார் கீழே வளைந்து இறங்கும் பெண்கள் சைக்கிள். கைலி கட்டிக்கொண்டு ஓட்டலாம். பச்சை வண்ணம், ராலே முத்திரை பாதி தேய்ந்தது. சிலந்தி வலையைத் துடைத்து, 28 அங்குல டயருக்குக் காற்றடித்துப் பக்கத்தில் என்னுடையதை நிறுத்தினேன். முதலில் கண்ணில் பட்டது சீட்டைத் தாங்கும் குழாய். என் சைக்கிளில் அது ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. அம்மாவுடையது நன்றாகப் பின்னே சாய்ந்திருக்கிறது. அதனால் சீட் பெடலுக்கு வெகு பின்னால் போய்விடுகிறது.

இது கைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு முன்பு தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு முன்னே குனியுங்கள். விழப் பார்ப்பீர்கள், கை மேசையைத் தேடும். கால்களை முன்னே நீட்டி ஊன்றிக்கொண்டு குனியுங்கள்; இடுப்பே தாங்கும். சைக்கிளிலும் அதே கணக்கு. சீட் பெடலுக்கு மேலேயே நெருங்கி இருந்தால் முன்னே சாய்ந்த உடம்பைக் கை தாங்க வேண்டும். பின்னே இருந்தால் பெடலை மிதிக்கிற காலே உடம்பைப் பின்னுக்குத் தள்ளிச் சமன் செய்துவிடும். சமதரையில் மிதித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு உள்ளங்கைகளையும் பிடியிலிருந்து ஒரு நொடி லேசாகத் தூக்கிப் பாருங்கள். முன்னே சரிந்தால் உங்கள் கை வேலைக்காரனாக இருக்கிறது என்று அர்த்தம். நான் சரிந்தேன். சீட்டை அதன் அடியில் இருக்கும் கம்பிகளில் முடிந்த மட்டும் பின்னே தள்ளினேன், இரண்டு சென்டிமீட்டர் கிடைத்தது. ஹேண்டிலைக் கவ்வும் தண்டை 60 மில்லிமீட்டரிலிருந்து 100க்கு மாற்றினேன். முழங்கால் இடி நின்றது. நிமிர்ந்து உட்காருவதால் இப்போது பாரம் பின்பக்கத்தில். ஒல்லிச் சீட் உறுத்தத் தொடங்கியது, ஸ்பிரிங் வைத்த அகலச் சீட் போட்டேன். ஒன்றைத் தொட்டால் மூன்றைத் தொட வேண்டியிருக்கிறது.

விரல் ஆறு வாரத்தில் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு வந்த சிக்கல்தான் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது. கொம்பின் முன்னால் ஒரு கூடை மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் இரண்டு தேங்காய், பூசணித் துண்டு, மீன் எல்லாம் சேர்ந்து ஐந்தாறு கிலோ. சாலைக்கு ஏறும் மேட்டில் மெதுவாக வந்தபோது சக்கரம் தானாக இடது பக்கம் விழுந்து திரும்பியது. இழுத்துப் பிடித்தால் வலது பக்கம் விழுந்தது. பின்னால் செம்பனைக் குலை லோரி. காலை ஊன்றி நின்றுவிட்டேன், நெஞ்சு படபடத்தது.

அம்மா இதே போன்ற கொம்பில் தூக்குச் சட்டி, தண்ணீர்ப் போத்தல், உளிப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, தலையில் விளக்கோடு, விடியாத இருட்டில், செம்மண் பாதையில் போனவர். திரும்பும்போது பின் கேரியரில் ஒட்டுப்பால் சாக்கு. அவர் விழுந்ததை நான் பார்த்ததில்லை. பழக்கம் என்று விட்டுவிடலாம். எனக்கு அது போதவில்லை.

கொட்டகையில் ஒரு பனங்கம்பையும் நூலில் கட்டிய நட்டையும் வைத்து அளந்தேன். நீங்களும் செய்யலாம், சுலபம்தான். ஹேண்டில் திரும்பும் அச்சு, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் நுழைந்திருக்கும் கழுத்துக் குழாய், முன்னே சாய்ந்து இறங்குகிறது. அந்தச் சாய்வை அப்படியே தரை வரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். சக்கரத்தின் அச்சிலிருந்து தூக்குநூல் விட்டால் டயர் தரையைத் தொடும் இடம் தெரியும். டயர் தொடும் இடம், அந்தப் புள்ளிக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். பேரங்காடித் தள்ளுவண்டியின் சக்கரம் தன் தண்டுக்குப் பின்னால் இழுபடுகிறதே, அதே மாதிரி. இந்த இடைவெளியை டிரெயில் என்பார்கள். நான் அதை 'வால்' என்று வைத்துக்கொண்டேன். வால் நீளமானால் வேகத்தில் சைக்கிள் நேராகப் போகப் பார்க்கும். குட்டையானால் சொன்னதும் திரும்பும்.

தரையிலிருந்து அளந்தால் அம்மா சைக்கிளின் கழுத்துச் சாய்வு 67 பாகை, என்னுடையது 69; எண் குறைந்தால் சாய்வு அதிகம். சாய்வு அதிகமானால் வால் நீளும் என்பதால் அம்மாவுடையதுதான் நீளமாக இருக்க வேண்டும். ஆனால் அளந்தால் அம்மா சைக்கிளின் வால் 65 மில்லிமீட்டர், என்னுடையது 95. காரணம் போர்க். அம்மா சைக்கிளின் போர்க் நுனியில் அரிவாள் போல நன்றாக முன்னே வளைகிறது. அந்த வளைவு சக்கரத்தை முன்னே தள்ளி வாலைச் சுருக்கிவிடுகிறது. சாய்வை மட்டும் பார்த்து ஒரு சைக்கிள் எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. சாய்வு, போர்க் வளைவு, சக்கரத்தின் அளவு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹேண்டிலைத் திருப்பும்போது சைக்கிளின் முன்பக்கம் இம்மியளவு கீழே இறங்குகிறது. சீட்டைப் பிடித்துச் சைக்கிளைச் சாய்த்தால் முன் சக்கரம் தானே அந்தப் பக்கம் விழுமே, அந்த இழுப்பு இதனோடு சேர்ந்ததுதான். வாலையும் சாய்வையும் வைத்து இதற்கு ஓர் எண் போடலாம். அம்மாவுடையதற்கு 23 மில்லிமீட்டர், என்னுடையதற்கு 32, சாலைப் பந்தய சைக்கிளுக்கு 16 போல வரும். முன்னால் பாரம் ஏற ஏற, இந்த எண் பெரிதாக இருக்கும் சைக்கிளில் சக்கரம் விழுகிற இழுப்பும் பெரிதாகும். அதிலும் மெதுவாகப் போகும்போது. மேட்டில் தேங்காயோடு நான் தடுமாறியது இதனால்தான். பாரிஸில் பத்திரிகைக் கட்டுகளை முன்னால் ஏற்றிக்கொண்டு பறந்தவர்களின் சைக்கிள்களுக்குக் குட்டை வால் வைத்துக் கட்டியிருந்தார்கள். கூடையை நான் கழற்றி, பாரத்தைப் பின் கேரியருக்குக் கொண்டுபோனேன். பின்னால் அளவுக்கு மீறி ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி அலையும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள் ஏன் விழாமல் போகிறது என்பதற்கு, சுழலும் சக்கரம் பம்பரம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது என்று பள்ளியில் சொன்னார்கள். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அதைச் சோதித்தார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்ப்பக்கம் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டிப் பம்பரக் குணத்தை அழித்தார். அப்போதும் ஓட்ட முடிந்தது. போர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி வாலை நீட்டினார். ஆளில்லாமல் தள்ளிவிட்டாலும் அபாரமாக ஓடியது. சக்கரத்தை முன்னே தள்ளி வாலை இல்லாமல் செய்தார். விட்டதும் விழுந்தது, ஓட்டவும் சிரமப்பட்டார். விஷயம் அத்தோடு முடியவில்லை. 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் பம்பரக் குணமும் இல்லாமல், வாலும் இல்லாமல், எடையை மட்டும் சரியான இடத்தில் வைத்துத் தானாக நிற்கும் ஒரு சின்னச் சைக்கிளைச் செய்து காட்டினார்கள். நூறு வருடத்துக்கு மேல் உலகமே ஓட்டுகிற வண்டி, இன்னும் ஆராய இடம் வைத்திருக்கிறது.

கொம்புக்கும் திரும்புதலுக்கும் வருகிறேன். நேர்க் கம்பியில் கைகள் அகலமாக, சைக்கிளின் கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும். திருப்புவது ஸ்டியரிங் மாதிரி. கொம்பில் பிடி பின்னால் இருப்பதால் படகுச் சுக்கான் மாதிரி கையைப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் எனக்கு ஒவ்வொரு திருப்பமும் தப்பிப்போனது. பழகியதும் சிறு அசைவுகள் மென்மையாகிவிட்டன, குழி ஓரம் போகும்போது சாதகம். ஆனால் எழுந்து நின்று மேட்டை மிதிக்கக் கொம்பு உதவாது, நெம்பும் பலம் குறைவு. எதிர்க்காற்றிலும் நிமிர்ந்த உடம்பு பாய்மரம் மாதிரி நிற்கும். கோலகங்சார் பக்கம் போன ஒரு காலை நேரம் முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டியே போயிற்று. நம் சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோவில் வெள்ளியும் வாங்கிய கெய்ரின் பந்தயத்தில் ஹேண்டில் சீட்டுக்கும் கீழே தணிந்து இருக்கும். அந்த வேகத்தில் காற்றுதான் எதிரி, அவர் உடம்பு அதற்குப் பல வருடம் பழகியது.

எங்கள் தாமான் பையன்கள் சிலர் ஹேண்டிலைத் தணித்து, பிரேக்கைக் கழற்றி, சீட்டில் குப்புறப் படுத்து இறக்கத்தில் விடுகிறார்கள். இதைத்தான் லாஜாக் சைக்கிள் என்கிறார்கள். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் பின்னிரவில் அப்படிக் கூட்டமாக ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள்மேல் கார் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். படுத்துக்கொண்டு பிடிக்கும் தணிந்த கம்பியில் திருப்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. பையன்களைக் கண்டால் நிறுத்திச் சொல்கிறேன். ஒருவனுக்கு என் செலவில் பிரேக் மாட்டிக் கொடுத்தேன்.

பிரேம் அலுமினியமா இரும்பா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முக்கோணமாகக் கட்டிய பிரேம் மேலும் கீழும் அசைவது மிகக் கொஞ்சம். குலுக்கலை விழுங்குவது பெரும்பாலும் டயர்தான். என்னுடையதைக் கல் மாதிரி காற்றடித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் ஏறி உட்கார்ந்ததும் டயர் தன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு அமுங்குகிற அளவுக்குக் குறைத்தேன். அம்மா சைக்கிளின் அரிவாள் போர்க்கும் ஸ்பிரிங் சீட்டும் கொஞ்சம் உதவுகின்றன, உண்மை. ஆனால் அந்தத் தடித்த டயரை ஒல்லியாக மாற்றினால் இரண்டும் காப்பாற்றாது.

டயர் என்றதும் எனக்கு கோலகங்சார் மரம் ஞாபகம் வருகிறது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பதை, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அங்கே நட்டார். எஞ்சிய ஒரு மரம் என்று வேலி போட்டு இன்னும் வைத்திருக்கிறார்கள், எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு சைக்கிளுக்கும், அப்புறம் காருக்கும் ரப்பர் ரப்பர் என்று உலகம் கேட்டது. காடு வெட்டித் தோட்டமானது. எங்கள் பாட்டன் பூட்டன் கப்பலேறினார்கள். ஒரு பிள்ளை சொகுசாக ஓட்ட வேண்டும் என்று ஒரு தகப்பன் நினைத்ததும், என் அம்மா இருட்டில் மங்குக் கிண்ணத்தில் பால் எடுத்ததும் ஒரே டயரில்தான் இருக்கின்றன. அந்த மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் நின்றேன்.

போன வாரம் அம்மா என் சைக்கிளின் முன்னால் வந்து நின்றார். ஓட்டவில்லை, முழங்கால் தேய்ந்துவிட்டது. கொம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு வெரக்கட ஏத்தும்மா. ஒனக்கு இடுப்பு சின்னது, கை நீளம் இல்ல."

அம்மா சைக்கிளில் அது ஒரு நிமிட வேலை. மேலே இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி ஒரு தட்டுத் தட்டினால் தண்டு விடுபடும், கழுத்துக்குள் இறங்கியும் ஏறியும் வரும்; எல்லைக் கோடு வெளியே தெரியாத வரை ஏற்றலாம். இந்தக் காலத்துச் சைக்கிளில் தண்டு போர்க் குழாயை வெளியிலிருந்து கவ்வுகிறது. குழாயைக் கடையில் எந்த உயரத்தில் அறுத்தார்களோ அதுதான் உயரம். என்னுடையதை ஒட்ட அறுத்துவிட்டிருந்தார்கள். புதுச் சைக்கிள் வாங்குகிறவர்கள் குழாயை அறுக்க விடாதீர்கள், வளையங்களை அடுக்கி நீளமாகவே வைக்கச் சொல்லுங்கள். அறுத்த பிறகு, குழாய்மேல் மாட்டி உயரத்தைக் கூட்டும் ஏற்று கட்டைதான் வழி.

தவுக்கே ஏற்று கட்டை வரவழைத்துக் கொடுத்தார். நேற்று மழை விட்டதும் வாசலில் வைத்து மாட்டினேன். அம்மா முன் சக்கரத்தைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டு, கொம்பு நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"வலப்பக்கம் ஒரு நூல். ம். இறுக்கு."

இறுக்கினேன்.